ரசனை பலவாக இருக்கும் குழுவில் சேர்ந்து சேகரிப்பது: மொரீஷியஸ் தமிழ் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் அஞ்சல்தலையும் பணத்தாளும் சேர்க்கும் தமிழர்கள் சிலர், ரோஸ் ஹில், வாக்குவா, கியூர்பிப் ஆகிய ஊர்களில் உறுப்பினர் வீடுகளில் முறைவைத்துக் கூடி வருகிறோம். புதிதாகச் சேர்கிறவர்களும், சேர்ந்த சில மாதங்களில் மனத்தாங்கல் கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் அவற்றையும் எங்கள் பதில்களையும் எழுதி வைக்கிறோம். அஞ்சல்தலையைப் பற்றிய கேள்விகளைவிட, அதைச் சேர்ப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுவது என்ற கேள்விகளே இவற்றில் அதிகம்.

இவ்வளவு சிறிய குழுவில் ஏன் இத்தனை கருத்து வேறுபாடு?

குழு சிறியது என்றாலும் நாம் கையில் எடுக்கும் பொருள் சிறியதன்று. ஓர் அஞ்சல்தலையில் ஓவியம் இருக்கிறது, தாள் இருக்கிறது, மை இருக்கிறது, அச்சு முறை இருக்கிறது, பின்புறப் பசை இருக்கிறது, அது பயணம் செய்ததற்குச் சான்றாக முத்திரை இருக்கிறது. இவற்றுள் எதில் ஒருவருடைய கண் முதலில் நிற்கிறதோ அதுவே அவருடைய சேகரிப்பாகிவிடுகிறது.

இந்தத் தீவின் 1848ஆம் ஆண்டு 'போஸ்ட் பெய்ட்' (கட்டணம் செலுத்தப்பட்டது) என்ற சொல் பொறித்த அஞ்சல்தலை வரிசையை எடுத்துக்கொள்வோம். அவற்றை அச்சிட்ட ஒவ்வொரு செப்புத் தகட்டிலும் பன்னிரண்டு அஞ்சல்தலைகள். பன்னிரண்டும் தனித்தனியே கையால் செதுக்கப்பட்டவை என்பதால் எந்த இரண்டும் அச்சு அசலாக ஒத்திருப்பதில்லை. விக்டோரியா அரசியின் மூக்கு ஒன்றில் கூர்மை, மற்றொன்றில் மழுக்கம். இரண்டு பென்ஸ் தகட்டின் ஏழாவது இடத்தில் 'பென்ஸ்' என்ற சொல்லில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' போன்ற எழுத்து விழுந்திருக்கிறது. அந்தத் தகடுகளையே சுமார் பதினொரு ஆண்டுகள் பயன்படுத்தியதால் செம்பு தேய்ந்து, கடைசி அச்சுகளில் முகக்கோடுகள் மறைந்து, வெறும் நிழல்போல அரசியின் உருவம் தெரிகிறது. கோடுகள் கூர்மையாக விழுந்த முதல் அச்சுகளை மட்டுமே நல்லவை என்பார் ஒருவர். தகடு தேய்ந்த வரலாற்றைப் படிப்படியாக வரிசைப்படுத்த விரும்பும் மற்றவருக்குத் தேய்ந்த தலைதான் தேவை. முதலாமவர் ஒதுக்கும் தலையைத்தான் இரண்டாமவர் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார். அசல் தலைகளை வாங்கும் வசதி நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. பட்டியல் நூல்களிலும் தரமான படங்களிலும் பார்த்துத்தான் பேசுகிறோம். ஆனாலும் இந்த இரண்டு பார்வைகளும் மோதும்போது அறை சூடாகிவிடுகிறது, அந்தச் சூட்டை நாங்கள் விரும்பவே செய்கிறோம்.

எது ரசனை, எது உண்மை என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒரு கருத்தை உருப்பெருக்கியாலோ, தலையின் ஓரத் துளைப்பற்களை அளக்கும் பல் அளவுகோலாலோ, தாளுக்குள் தெரியும் நீர்க்குறியைப் பார்த்தோ, புறஊதா விளக்கின் கீழ் வைத்தோ, பழைய ஆவணத்தைப் புரட்டியோ சரிபார்க்க முடியுமானால் அது உண்மை பற்றிய பேச்சு. இவற்றில் எதைச் செய்தாலும் முடிவு வராது என்றால் அது ரசனை பற்றிய பேச்சு.

1859இல் லாபிரோ என்பவர் இங்கே செதுக்கிய இரண்டு பென்ஸ் தலையில் அரசியின் முகம் மிகவும் கரடுமுரடாக இருக்கிறது. உலகிலேயே அழகற்ற தலைகளில் ஒன்று என்று அதைச் சிலர் தள்ளுகிறார்கள். உள்ளூர்க் கை செய்த வேலை அப்படியே தெரிகிறது என்று சிலர் அதையே உயிராக மதிக்கிறார்கள். அதே ஆண்டில் ஷெர்வின் பழைய தகட்டைத் திரும்பச் செதுக்கி அச்சிட்டார். தார்தென் கல்லச்சில் அடித்தார். ஒரே ஆண்டில் ஒரே தீவில் மூன்று கைகள், மூன்று முகங்கள். எந்த முகம் அழகு என்று முடிவு செய்ய எந்தக் கருவியும் கிடையாது, செய்ய வேண்டிய தேவையும் கிடையாது. ஆனால் மேசைமேல் வைக்கப்பட்டிருக்கும் தலை லாபிரோவுடையதா அதன் போலியா என்பது வாக்கெடுப்புக்கு உரியதன்று. அங்கே பத்துப் பேர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமும் இருந்து அந்த ஒருவரே சரியாக இருக்கலாம்.

எங்கள் கூட்டங்களில் எழுந்த கசப்புகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் குழப்பியதால் வந்தவை. ரசனையைச் சான்று காட்டி வெல்லப் பார்த்தவர்களும் உண்டு. சான்று கேட்கும் இடத்தில் "அவரவர் கருத்து அவரவருக்கு" என்று சொல்லி நழுவியவர்களும் உண்டு. இரண்டாவது வழக்கம் நாகரிகம்போலத் தோன்றும். ஆனால் அது சேகரிப்புக்கு அதிகக் கேடு செய்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

1847ஆம் ஆண்டுத் தலைகளில் 'போஸ்ட் ஆபிஸ்' என்று இருப்பது செதுக்கியவரின் பிழையா? இதைப் பற்றி ஏன் ஒவ்வொரு முறையும் சண்டை?

கேள்வியின் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறோம். 1847 செப்டம்பரில் மொரீஷியஸ் தன் முதல் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. ஒரு பென்னி ஆரஞ்சுச் சிவப்பு, இரண்டு பென்ஸ் நீலம், வகைக்கு ஐந்நூறு. ஜோசப் ஓஸ்மண்ட் பர்னார்ட் செதுக்கினார். இடப்பக்க ஓரத்தில் 'போஸ்ட் ஆபிஸ்' என்று இருந்தது. அடுத்த ஆண்டு வரிசையில் அது 'போஸ்ட் பெய்ட்' ஆயிற்று. பர்னார்ட் கண் மங்கிய கடிகாரக்காரர் என்றும், எழுத வேண்டிய சொல் மறந்துபோய் அஞ்சலகத்தை நோக்கி நடந்தார் என்றும், வாசலில் தொங்கிய பலகையைக் கண்டு அதையே செதுக்கிவிட்டார் என்றும் ஒரு கதை உலவுகிறது. இந்தத் தீவில் வளர்ந்த எவரும் அதைக் கேளாமல் இருந்திருக்க முடியாது.

அந்தக் கதை தலைகள் வெளிவந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே, 1928இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு நூலின் வழியாகப் பரவியது. பர்னார்ட் தொழில் தெரிந்த செதுக்குநர். அஞ்சல்தலையில் அஞ்சலகத்தின் பெயரைப் பொறிப்பது அந்தக் காலத்தில் புதுமையும் அன்று. 1845இல் நியூயார்க் அஞ்சல் தலைவர் வெளியிட்ட தலையிலும் 'போஸ்ட் ஆபிஸ்' என்றே இருக்கிறது. ஆகவே பிழை என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே இன்று இதைத் துருவி ஆராய்ந்தவர்களின் பொதுவான முடிவு.

சண்டை வருவதற்குக் காரணம் வேறு. கதையை நம்புகிற மூத்த உறுப்பினருக்கு அது வெறும் தகவலன்று. சிறு வயதில் அஞ்சல்தலை மீது ஆசை பிறந்ததே அந்தக் கதையைக் கேட்டுத்தான். "அது பொய்" என்று இளையவர் ஒரே சொல்லில் வெட்டும்போது அவருடைய ஆசையின் வேரையே வெட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. எங்கள் கூட்டங்களில் கதையைக் கதையாகச் சொல்லத் தடையில்லை. குழு சார்பில் ஒட்டப்படும் காட்சிப் பலகையிலும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளிலும் மட்டும் அது கதை என்று தெளிவாக எழுதுகிறோம். கதைக்கும் ஓர் இடம் உண்டு, வரலாற்றுக்கும் ஓர் இடம் உண்டு. இரண்டையும் மாற்றி வைப்பதைத்தான் மறுக்கிறோம்.

மூத்தவர் சொன்னதை எல்லோர் முன்னிலையிலும் மறுப்பது மரியாதைக் குறைவாகாதா?

மறுக்கும் முறையைப் பொறுத்தது. எங்கள் இளைய உறுப்பினர் ஒருவர் மேற்சொன்ன விவாதத்தின்போது இப்படிப் பேசினார்: "ஐயா, நீங்கள் சொன்ன கதையை எங்கள் தாத்தாவும் சொல்லியிருக்கிறார். நியூயார்க் தலையின் படம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். இதிலும் அதே சொல் இருக்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்." பெரியவர் படத்தை வாங்கி, உருப்பெருக்கியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடு, தம்பி" என்றார். அதற்குமேல் அன்று யாரும் எதுவும் பேசவில்லை. பெரியவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

சான்றைப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிடுவது நல்ல வழி. அவர் தாமாகப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவதற்கு நேரம் கிடைக்கிறது. எல்லோர் கண்களும் தம்மேல் இருக்கும்போது உடனே பதில் சொல்ல வேண்டிய இக்கட்டு இல்லை. மூத்தவர்களுக்கும் இதே கடமை உண்டு. "எனக்கு இத்தனை ஆண்டு அனுபவம்" என்பது மேசைமேல் வைக்கத்தக்க சான்றாகாது.

புதுத் தலை சிறந்ததா, முத்திரை விழுந்த தலை சிறந்ததா?

புதுத் தலை விரும்புகிறவர் அச்சுக்கூடத்திலிருந்து வந்த நிலையை விரும்புகிறார். முத்திரை விழுந்ததை விரும்புகிறவர் அது செய்த வேலையை விரும்புகிறார். இதில் சிறந்தது, தாழ்ந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்குள் பசை பற்றிய விவாதம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தலைகளை 'ஹிஞ்ச்' என்னும் பசை தடவிய சிறிய மடிப்புத் தாளால் ஏட்டில் ஒட்டுவதை எவரும் குறையாகக் கருதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, ஹிஞ்ச் படாத, பசை முழுமையாக உள்ள தலையே வேண்டும் என்ற விருப்பம் ஓங்கி, விலையும் அதற்கேற்ப ஏறியது. விலை ஏறியவுடன் பழைய தலைகளின் பின்புறம் புதுப்பசை பூசி விற்பவர்களும் தோன்றினார்கள். ஒரு தலைமுறையின் ரசனை மாற்றம் ஒரு மோசடிக்கே வழி திறந்துவிட்டது.

இனி நம் ஊர் நிலைமை. கியூர்பிப், வாக்குவா போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் ஆண்டின் பெரும்பகுதி ஈரம். பசையுள்ள தலை ஏட்டின் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தாளில் பழுப்புப் புள்ளிகள் வரும். எங்களில் சிலர், தாள் பிழைத்தால் போதும் என்று, பழைய தலைகளின் பசையை நீரில் நனைத்து நீக்கிவிடுகிறார்கள். குளிர்நாட்டுச் சேகரிப்பாளர் கேட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வார். எங்கள் குழுவிலேயே ஓர் அக்கா அதைக் கேட்டு அன்று மாலை முழுவதும் பேசாமல் இருந்தார். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது: பசை அந்தத் தலையின் ஒரு பகுதி என்பதும் சரி, பசையைக் காப்பாற்றப் போய்த் தலையையே இழந்த ஏடுகள் இந்தத் தீவில் உண்டு என்பதும் சரி. பொதுவாக நாங்கள் சொல்வது இதுதான்: முதலில் ஏட்டைப் படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள், அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுங்கள், மாதம் ஒருமுறையேனும் பக்கங்களைப் புரட்டிக் காற்றுப் பட விடுங்கள். பசையை நீக்குவது கடைசி வழி.

பி.வி.சி. உறைகளில் தலைகளை வைக்கலாமா என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். கூடாது. அந்த நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் நாளடைவில் கசிந்து மையையும் தாளையும் கெடுக்கும். நம் வெப்பத்தில் அது இன்னும் விரைவு. இது ரசனை சார்ந்த விஷயமன்று. பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

பழைய உறையிலிருந்து தலையைக் கழற்றலாமா?

எங்கள் குழுவில் மிகுந்த வாதம் நடந்த கேள்வி இதுவே. தலைகளைத் தனியாக ஏட்டில் அடுக்குகிறவருக்கு உறை வெறும் காகிதம். அஞ்சல் வரலாறு பார்க்கிறவருக்கு உறைதான் எல்லாம்: புறப்பட்ட ஊர், ஏறிய கப்பல், சேர்ந்த நாள், கட்டிய கட்டணம், முகவரி எழுதியவரின் கையெழுத்து. இங்கிருந்து சென்னைக்கோ, நாகப்பட்டினத்துக்கோ, புதுச்சேரிக்கோ போன ஒரு பழைய உறை தமிழருடைய வீட்டுப் பெட்டியில் கிடைத்தால் அதன் மதிப்பு அதில் ஒட்டிய தலையின் பட்டியல் விலையோடு முடிந்துவிடுவதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் தலைகளை வெட்டியும் நனைத்தும் எடுத்தார்கள். அன்றைய ரசனை அது. முழு உறையை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களே அல்லர். பழைய வணிகக் கடிதங்களைத் தூக்கியெறியாமல் விட்ட நிறுவனங்கள்தாம். 1847 அக்டோபரில் இங்கிருந்து போர்தோ நகரின் மது வணிகர்களுக்குச் சென்ற ஒரு கடிதம் அப்படித்தான் தப்பியது. ஒரு பென்னி தலையும் இரண்டு பென்ஸ் தலையும் சேர்ந்து ஒட்டப்பட்டு இன்றுவரை தெரியவந்துள்ள உறை அது ஒன்றே. 1993இல் சூரிக் நகரில் ஏலத்துக்கு வந்தபோது அதுவரை எந்த அஞ்சல் பொருளுக்கும் கொடுக்கப்படாத விலைக்குப் போயிற்று. யாரேனும் ஒருவர் அன்றைய வழக்கப்படி அந்த இரு தலைகளையும் நனைத்து எடுத்திருந்தால், உலகம் இரண்டு நல்ல தலைகளைப் பெற்று அந்தக் கடிதத்தை இழந்திருக்கும்.

ஆகவே நாங்கள் ஒரே ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறோம். திரும்பப் பெற முடியாத எந்தச் செயலையும் செய்வதற்கு முன், அதாவது நனைப்பதற்கு, வெட்டுவதற்கு, கறை நீக்குவதற்கு முன், உங்களுக்கு நேரெதிரான ரசனை உள்ள ஓர் உறுப்பினரிடம் அதை ஒருமுறை காட்டுங்கள். அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. பொருள் உங்களுடையது, முடிவும் உங்களுடையது. ஆனால் உங்கள் கண்ணுக்குப் படாத ஒன்று அவர் கண்ணுக்குப் படும். இந்த விதிக்குப் பிறகு, எண்பது ரூபாய்க்கு வாங்கிய ஓர் உறையை நனைக்கப் போன ஒருவர், பின்புறத்தில் மங்கலாக இருந்த இடைவழி முத்திரையை மற்றவர் காட்டியதும் அப்படியே வைத்துவிட்டார். வேறுபட்ட ரசனையைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல் அதைத் தேடிப் போக வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

1998ஆம் ஆண்டுப் பணத்தாள்களைத் தமிழர் சேகரிக்கலாமா?

நம் பணத்தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழும் அதன் பிறகு இந்தியும் இருந்து வந்தன. 1998இல் வெளிவந்த புதிய வரிசையில் இந்தி முன்னேயும் தமிழ் பின்னேயும் அச்சாயிற்று. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் தமிழ் பழைய இடத்தில் அமைந்த தாள்கள் வந்தன. இரண்டு வரிசைகளிலும் ஒரே தலைவர்களின் படங்கள்தாம். நூறு ரூபாய்த் தாளில் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் இருக்கிறார்.

எங்களில் சிலருக்கு 1998 வரிசையை ஏட்டில் வைக்கவே மனம் வருவதில்லை. அந்த நாள்களில் ஊர்வலத்தில் நடந்தவர்கள் அவர்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே பழைய வலி திரும்புகிறது என்கிறார்கள். வேறு சிலரோ, அந்தத் தாள் இல்லாமல் 1999 தாளுக்குப் பொருளே இல்லை, இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்தால்தான் நம் பிள்ளைகளுக்கு நடந்தது புரியும் என்கிறார்கள். இந்தியை வீட்டு மொழியாகப் போற்றும் குடும்பங்களைச் சேர்ந்த நண்பர்களும் எங்கள் கூட்டங்களுக்கு வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் முன் இதைப் பேசும்போது எந்தச் சமூகத்தையும் குறைத்துப் பேசாமல் நடந்ததை மட்டும் பேசுவது எங்கள் வழக்கம்.

எழுதுகிறவரின் சொந்தக் கருத்து இரண்டாவது பக்கத்தையே சார்ந்தது: சேகரிப்பாளரின் ஏட்டில் பிடிக்காத பக்கத்துக்கும் இடம் வேண்டும். ஆனால் அதை வைக்க மறுக்கிறவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. அப்படி மறுத்த ஒருவர் தம் ஏட்டில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதியிருக்கிறார். எங்கள் குழுவின் ஏடுகளில் மிகவும் நேர்மையான பக்கங்களில் அதுவும் ஒன்று.

பறவை, கப்பல், டோடோ என்று படம் பார்த்துச் சேர்ப்பதை 'குழந்தைத்தனம்' என்கிறார்களே?

அப்படிச் சொல்வதை நாங்கள் அனுமதிப்பதில்லை. 1965இல் வெளிவந்த நம் பறவை வரிசையை ஒரு சிறுமி படத்துக்காகச் சேர்க்கத் தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சில தலைகளின் மேல் 'தன்னாட்சி 1967' என்ற பொருளில் ஆங்கில மேலச்சு (ஏற்கெனவே அச்சான தலைமேல் பின்னர் அடித்த எழுத்து) இருப்பதைக் கண்டு ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்வி அவளை 1968 மார்ச் 12 விடுதலை நாள்வரை தானாகவே இழுத்துச் செல்லும். படத்தின் வழியாக வந்தவர், தகட்டின் வழியாக வந்தவர் என்று வாசல்களைத் தரம் பிரித்தால், பிள்ளைகள் வரும் வாசல்தான் முதலில் மூடும்.

சிலர் எப்போதும் விலையையே பேசுகிறார்கள். அதுவும் ரசனைதானா?

ஆம். 1904இல் அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ், நம் இரண்டு பென்ஸ் நீலத் தலையொன்றை 1,450 பவுண்டு கொடுத்து வாங்கினார். அந்த எண் இல்லாமல் அந்தத் தலையின் கதையைச் சொல்ல முடியாது. விலையில் ஆர்வமுள்ளவர்கள் ஏலப் பட்டியல்களைக் கவனமாகப் படிப்பதால் போலிகளை விரைவில் கண்டுபிடிக்கிறார்கள். மற்றவர் காட்டும் பொருளைப் பார்த்ததும் "இது எவ்வளவு போகும்?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள் என்று மட்டும் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது?

தமிழில் தொடங்குகிறோம். தமிழில் தங்கு தடையின்றிப் பேச வராதவர்கள் இந்தத் தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் பேசுகிறார்கள். பட்டியல் நூல்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் அந்தச் சொற்களும் கலக்கின்றன. ஒருவருடைய தமிழை இன்னொருவர் திருத்துவது இந்தக் கூட்டத்தின் வேலை அன்று.

அப்படியானால் எந்தக் கருத்தையும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா?

இல்லை. பழுது பார்த்த தலையை, பசை பூசிய தலையை, மறு அச்சை, நகலை அப்படியென்று சொல்லாமல் மாற்றிக்கொள்வதோ விற்பதோ கருத்து வேறுபாட்டில் சேராது, அது ஏமாற்று. 1847 தலைகளின் நகல்கள் உலகெங்கும் மலிந்து கிடக்கின்றன. நகலை நகல் என்று சொல்லி வைத்திருப்பதில் தவறே இல்லை. போர்ட் லூயிஸின் கோதான் துறைமுகப் பகுதியிலுள்ள புளூ பென்னி அருங்காட்சியகமும்கூட, வெளிச்சத்தால் அசல்களின் நிறம் மங்காதிருக்கக் குறித்த நேரங்களில் சில நிமிடங்கள் மட்டுமே அவற்றுக்கு விளக்கேற்றி, மற்ற நேரங்களில் நகல்களையே காட்டுகிறது. ஒரு தலை அசல்தானா என்பதில் உண்மையான ஐயம் வந்து, அதன் மதிப்பும் செலவுக்குத் தகுந்ததாக இருந்தால், நாங்கள் வாதிடுவதை நிறுத்திவிட்டு நிபுணர் சான்றிதழுக்கு அனுப்பச் சொல்கிறோம். லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டியின் நிபுணர் குழு 1894 முதல் அந்தப் பணியைச் செய்து வருகிறது.

அதுபோலவே, ஒருவருடைய சேகரிப்பைக் குறை கூறும் சாக்கில் அவருடைய படிப்பையோ, வருமானத்தையோ, சாதியையோ, சமயத்தையோ தொட்டுப் பேசுபவருக்கு இங்கே இடமில்லை. அப்படிப் பேசியவர் எவ்வளவு அறிந்தவராக இருந்தாலும் சரி. இதில் நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை, விட்டுக்கொடுக்கப் போவதும் இல்லை.

கோபித்துக்கொண்டு போனவரைத் திரும்ப அழைப்பது யார் பொறுப்பு?

அவரோடு வாதிட்டவரின் பொறுப்பு. தொலைபேசியில் சமாதானம் பேசுவதைவிட, அவருடைய சேகரிப்புக்கு உதவும் ஏதேனும் ஒன்றை, ஒரு முத்திரையோ ஒரு பழைய பட்டியல் பக்கமோ, கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போவது நல்லது. வாதத்தைத் திரும்பத் தொடங்க வேண்டாம். அவர் வர விரும்பவில்லை என்றால் அதையும் மதிக்க வேண்டும்.

என் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமே இல்லை. எனக்குப் பிறகு என் சேகரிப்பு என்ன ஆகும்?

மூத்த உறுப்பினர்கள் தயங்கித் தயங்கி, பெரும்பாலும் கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்கும் கேள்வி இது. பிள்ளைகளின் ரசனையும் ரசனைதான். அவர்கள்மேல் வருத்தம் கொள்வதால் சேகரிப்பு பிழைக்காது. உயிரோடு இருக்கும்போதே மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். ஒவ்வோர் ஏட்டின் முதல் பக்கத்திலும், அது என்ன, நீங்கள் ஏன் அதைச் சேர்த்தீர்கள் என்பதைத் தமிழிலும், உங்கள் பிள்ளைகள் எளிதாகப் படிக்கும் மொழியிலும் எழுதி வையுங்கள். சான்றிதழும் வாங்கிய சீட்டும் இருந்தால் அந்தந்த ஏட்டின் பின்னட்டைக்குள்ளேயே வையுங்கள். குழுவில் உங்களோடு அதிகம் கருத்து வேறுபட்ட ஒருவரையும், உங்களைப் போலவே சேர்க்கும் ஒருவரையும், ஆக இருவரைக் குடும்பத்தாருக்கு அறிமுகப்படுத்தி, விற்பதற்கு முன் இவர்கள் இருவரையும் கேளுங்கள் என்று சொல்லி வையுங்கள். உங்களைப் போன்றவர் நீங்கள் மதித்ததன் மதிப்பைச் சொல்வார். மற்றவர், நீங்கள் பொருட்டாக எண்ணாமல் ஏட்டின் கடைசியில் செருகி வைத்த உறைகளையும் துண்டுத் தாள்களையும் எடுத்துப் பார்ப்பார். குடும்பம் விற்கத்தான் போகிறது என்றால், முழுவதையும் ஒரே வியாபாரியிடம் ஒரே நாளில் கொடுத்துவிட வேண்டாம் என்றும், தமிழ்க் கையெழுத்து உள்ள எந்தக் கடிதத்தையும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டாம் என்றும் அந்த முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.